இரட்டைப் பதிவு

ஸ்கந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரக்கன்று நடப்போகிறார்கள். எத்தனை கன்று வேண்டும் என்று எண்ணும் கணினி நிரலைத் திருத்தும் வேலை கிருபனுக்கு வந்தது.

முன்பு எழுதியவர், ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணிவிடாமல் இருக்க ஊர், தகப்பன், பெயர், பிறந்த ஆண்டு என்று சோதனையை அனுமார் வாலாக நீட்டியிருந்தார். பொலிசில்கூட இவ்வளவு விசாரணை இல்லை. கிருபன் அதை ஒரே வரியாக்கினான்: ஊரும் தகப்பனும் பெயரும் ஒன்றென்றால், ஆளும் ஒன்று.

ஒரு கன்று குறைந்தது.

"பாத்தீங்களோ அம்மா, என்ர பெயரையே ரண்டு தரம் பதிஞ்சிருக்கினம். வெட்டிவிட்டன்."

தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஞானேஸ்வரி நிமிரவில்லை.

"எங்கட வீட்டுக்கு ரண்டு கன்று வரவேணும்."

"மற்றது ஆருக்கு? ஆட்டுக்கோ?"

"கண்ணனுக்கு."

கண்ணன், கிருபன் பிறக்குமுன்பே காணாமல் போன தமையன்.

"அண்ணையைத் தேடிப் பாத்தனான் அம்மா. கண்ணன் எண்டு ஒருத்தரும் இல்லை."

"அது வீட்டில கூப்பிடுற பெயர். பள்ளிக்கூடத்தில அவன் கிருபன்."

திருவுகிற சத்தம் நிற்கவில்லை. கிருபன் அழித்த வரிகளைத் திரும்பப் போட்டான். கன்று ஒன்று கூடியது.

"அப்ப நான் ஆரம்மா?"

"நீ பிறக்கேக்க அந்தப் பெயர் சும்மாதானே கிடந்தது. அவன் திரும்பி வந்தால் உனக்கு வேற பெயர் வைப்பம் எண்டு இருந்தனாங்கள்."