சீனத்தில் நாலு சொல்லு

மகன் விரும்பிய பெண் முதன்முறையாக வீட்டுக்கு வர இன்னும் இருபத்தாறு மணித்தியாலம் இருந்தது. அக்னெஸ் தொலைக்காட்சியில் சீனச் சனலைப் போட்டு, அதன் முன்னால் அமர்ந்து, செய்தி வாசிப்பவள் சொன்ன வணக்கத்தைத் தானும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"செபமாலை சொல்லுற மாதிரியே இருக்கு," என்றார் கணவர் மரியதாசன். "எங்கட தமிழ்ச் சனலை வெட்டிப்போட்டு மூண்டு கிழமையா இதென்ன கூத்து?"

"லியாவைப் படத்தில பார்த்தனீங்கள்தானே, சீனப் பிள்ளை. இஞ்ச வந்து அந்நியமா உணர்ந்தாளெண்டால், பேந்து டிலக்ஷனும் இந்தப் பக்கம் வரமாட்டான். அவளின்ர பாஷையில நாலு சொல்லாவது கதைக்கோணும்."

மரியதாசன் யோசித்தார். "அவளின்ர தாய் தேப்பனோடயும் கதைக்க வேணும் என்ன? தள்ளி இரும், நானும் வாறன்."

மறுநாள் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய சற்று நேரத்தில் டிலக்ஷன் லியாவோடு உள்ளே வந்தான். அக்னெஸ் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துச் சீனத்தில் வணக்கம் சொன்னாள். சாப்பிட்டாயா என்றும் சீனத்திலேயே கேட்டாள்.

லியா திகைத்துப்போய் டிலக்ஷனைப் பார்த்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பிழையாச் சொல்லிப்போட்டனோ?" அக்னெஸின் முகம் வாடிவிட்டது.

லியா அவளுடைய கைகளை விடாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோவாம் அம்மா," என்றான் டிலக்ஷன். "தன்னோட இதுவரைக்கும் ஒருத்தரும் சீனத்தில கதைச்சதில்லையாம். அவளைக் கைக்குழந்தையாத் தத்தெடுத்து வளர்த்தது இஞ்சத்தைய பிரெஞ்சு வெள்ளைக்காரர்."