லுஹருக்குச் சாகும் கம்ப்யூட்டர்

நாலாவது நாளும் கம்ப்யூட்டர் செத்துப்போனது. திரை அப்படியே உறைந்து நிற்க, கீபோர்டில் இரண்டு விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு மினுங்கின.

"இதுவா தம்பி உங்கட லினக்ஸ்?" வீடமைப்பு நிவாரணக் கந்தோரின் பொறுப்பாளர் அச்சிமுகம்மது கத்திய கத்தலில் சாய்ந்தமருது மெயின் வீதியே திரும்பிப் பார்த்திருக்கும். "சும்மா கிடைச்சது இப்பிடித்தான் இரிக்கும்! சுனாமி வந்து ஒண்டரை வருசம். திங்கக்கிழமை கொழும்புக்குப் போகவேண்டிய வீட்டுப் பட்டியல். இண்டைக்கு வியாழன்!"

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த கோகிலனுக்குக் காது சிவந்தது. கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வந்து போகும் டெக்னீசியன் அவன்.

"லினக்ஸில பிழையில்ல சேர். இந்த யூஎஸ்பி டிஸ்க்குக்கு எழுதேக்கதான் மெசின் விழுது."

பட்டியலைக் கந்தோரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுல்பிகா எப்போதோ அடித்து முடித்துவிட்டாள். அதையும் நானூறு குடும்பங்களின் படங்களையும் அந்த வெளி டிஸ்க்கில் பதிந்து கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பதிந்து முடிய ஒரு மணித்தியாலம் எடுக்கும். மற்ற நேரமெல்லாம் மெசினில் கந்தோர் வேலை ஓடுவதால், மத்தியான லுஹர் தொழுகைக்கு எழும்பும்போது பதியவிட்டுப் போவாள். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மெசின் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கும்.

செவ்வாய்க்கிழமை கோகிலன் வயரை மாற்றிப் பார்த்தான். புதன்கிழமை, முன்பக்கத்தில் கரண்ட் போதாது என்று பின்பக்கத்தில் கொழுவினான். இன்றைக்குத் தனிக் கரண்டில் ஓடும் ஹப் ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி வந்திருந்தான். ஒன்றுக்கும் மசியவில்லை.

அச்சிமுகம்மதுவின் கோபம் இப்போது சுவரோர வாங்குப் பலகையின் பக்கம் திரும்பியது.

"நீ என்னத்துக்கு நாளும் இஞ்ச வந்து குந்திக்கிட்டு இரிக்காய்? வீட்டுக்குப் போ!"

வாங்கில் இருந்த பெண் முக்காட்டை இழுத்துவிட்டாள். "பட்டியல் போயிட்டா எனக்கு வீடே இல்லையே மாமா. எங்க போற?"

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினார். மனிசனா இது என்று கோகிலனுக்குத் தோன்றியது.

"ஆர் அந்த ராத்தா?" என்று சுல்பிகாவிடம் கேட்டான்.

"கைருன்னிஸா ராத்தா. கடல் கொண்டுபோனது அவட சீதன வீடு. உம்மா குடுத்தது. ஆனா ஃபோர்மில குடும்பத் தலைவன் எண்டு புருஷன்ட பேரத்தான் போடச் செல்லுறாங்க. அவர் சியாம், ரெண்டாம் கலியாணம் முடிச்சிச் சம்மாந்துறையில இரிக்கார். புது வீடு கிடைச்சா அந்த ரெண்டாம் பொஞ்சாதியத்தான் கொண்டுவந்து வைப்பார்."

"அப்ப இவவிட பேருக்கு மாத்தேலாதா?"

"வீட்டு உறுதிப் பத்திரம் வேணும். உறுதியும் கடலோட போயிட்டு. காணிக் கந்தோரில பிரதிக்கு எழுதிக் குடுத்திரிக்கா. நாளைக்குத்தான் வருமாம்." இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கோகிலனுக்கு மண்டைக்குள் பொறி தட்டியது. மெசினை மறுபடி எழுப்பி, நடந்ததையெல்லாம் அது தானாகவே எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்தான். இதை முதல் நாளே பார்க்காமல் வயரையும் ஹப்பையும் நோண்டிக்கொண்டிருந்ததற்குத் தன் தலையில் தானே குட்டவேண்டும் போலிருந்தது.

திங்கள் 12.38. டிஸ்க் கழன்றது. செவ்வாய் 12.41. டிஸ்க் கழன்றது. புதன், வியாழன் இரண்டு நாளும் அதே கதைதான். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த மெசின்தான் உயிரோடு இருக்கும்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"சேர், மெசின் பழுதில்ல. லுஹர் நேரம் பாத்து ஆரோ டிஸ்க்கப் பிடுங்கிட்டுத் திரும்பக் கொழுவுறாங்க. வேற ஆரு, வாங்கில இரிக்கிற அந்த ராத்தாதான். பட்டியல் போகாம இருந்தா அவவுக்குத்தானே லாபம்? கூப்பிட்டுக் கேக்கட்டா?"

"கேக்க வேணாம். அவ இல்ல."

"வேற ஆர் சேர்? சுல்பிகா பின் அறையில தொழுறா. ஆம்புளையள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருவீங்க."

"கைருன்னிஸாவும் சுல்பிகாவோடதான் தொழுறா." அச்சிமுகம்மது குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்குக் கடைசியாப் போறவன் நான்."

கோகிலனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்தது.

"நீங்களா? அப்ப நாலு நாளா என்னை ஏன் இந்த ஏச்சு ஏசினீங்க?"

"கொழும்பில கேட்டா, டெக்னீசியனக் கூப்பிட்டுப் பாத்தம் எண்டு செல்லவேணும். அந்தப் புள்ளைய ஏசாம விட்டா, நான் அவட பக்கம் எண்டு ஊரே கதைக்கும். கதை சம்மாந்துறைக்குப் போனா, அவன் கொழும்புக்கு ஓடிப்போய்த் தன்ட பேரை மாத்தேலாம ஆக்கிக்கிட்டு வந்திருவான்."

கோகிலன் கதவிடுக்கால் பார்த்தான். கைருன்னிஸா சுவர் மணிக்கூட்டையும் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளையா கள்ளி என்று சொல்ல வந்தோம் என்று அவனுக்கு வெட்கமாகிப்போனது.

"இனி என்ன சேர் செய்யிற?"

"நாளைக்குப் பிரதி வந்திரும், இன்ஷா அல்லாஹ். பேர மாத்தினதும் பின்னேரமே டிஸ்க் போகும். அதுவரைக்கும் மெசின் பழுதாவே இரிக்கட்டும் தம்பி."

"இரிக்கும் சேர். ஆனா அந்தச் சியாம் அறிஞ்சா உங்களச் சும்மா விடுவானா?"

அச்சிமுகம்மது எழும்பிப் போய்க் கதவை இறுகச் சாத்தினார்.

"அறிஞ்சா என்ட ஜனாஸா அடக்கத்துக்கும் வரமாட்டான்," என்றார். "நான் பெத்த மகன் தம்பி அவன்."