இடது ஏழு, வலது ஆறு

"காலைத் தூக்கி நடக்க மாட்டியா? செருப்புக் கடையில வேலை பார்த்துக்கிட்டு, நீயே இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

கல்லாவிலிருந்தே கத்தினார் முதலாளி. விற்பனைப் பெண் "சரி சார்" என்றாள். இரண்டடி ஒழுங்காக நடந்தாள். மூன்றாவது அடியில் மறுபடியும் சரக், சரக்.

இரண்டு மாதமாக இதே கூத்து. முதலாளி மனசுக்குள் அவளுக்குத் 'தேய்மானம்' என்றே பேர் வைத்துவிட்டார்.

நடை மட்டுமா? அவள் வியாபாரம் பண்ணுகிற அழகே தனி. ஆசையாகக் கூர்மூக்கு ஷூவை எடுப்பவரிடம், "விரலை நெருக்கும், வேணாங்க" என்பாள். கால் வலி என்று யாராவது காலையில் வந்தால் போச்சு. "சாயந்திரம் வாங்க. அப்பதான் வீக்கம் முழுசாத் தெரியும்" என்று வாசல்வரை போய் விட்டுவிட்டு வருவாள். வந்த கிராக்கியை வழியனுப்பி வைக்க ஒரு ஆள், அதற்குச் சம்பளம் வேறு!

அன்று சாயங்காலம் தபால்காரம்மா ஷூ பாலிஷ் வாங்க வந்தார். முதலாளியின் கண் வழக்கம்போல முதலில் காலுக்குத்தான் போனது. முப்பது வருஷத் தொழில். பார்த்த பார்வையிலேயே அளவு சொல்லிவிடுவார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இடது ஷூ ஆறு. வலது ஷூ ஏழு.

"ஏம்மா, இது நம்ம கடையில வாங்கினதா?"

"ஆமா சார், ரெண்டு மாசமாச்சு. இவங்கதான் குடுத்தாங்க."

முதலாளி எழுந்தேவிட்டார். "ஜோடி சேர்க்கக்கூடத் தெரியாதா உனக்கு? மாத்திப் போட்டு கஸ்டமர் தலையில கட்டியிருக்கே! போதும். நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

தபால்காரம்மா பதறினார்.

"ஐயையோ, அவங்களைத் திட்டாதீங்க சார்! தெரிஞ்சேதான் குடுத்தாங்க. எனக்கு வலது கால் கட்டைவிரல் மூட்டுல வாதம். காலையில எழுந்து காலைத் தரையில வெச்சா உயிர் போகும். விரல் மடங்காது. மூட்டு புடைச்சுக்கிட்டு எந்த ஷூவும் ஏறாது. பெரிய சைஸ் வாங்கினா இடது கால்ல நிக்காது. படியில ரெண்டு தடவை விழுந்தேன். வேலையே வேணாம்னு எழுதிக் குடுக்க இருந்தேன் சார்."

காலை நீட்டிக் காட்டினார். அகலமான மூக்கு, லேசில் வளையாத கெட்டி அடி.

"இவங்க என்னை நிக்கவெச்சு ரெண்டு காலையும் தனித்தனியா அளந்தாங்க. ரெண்டு ஜோடியைப் பிரிச்சு, காலுக்கு ஏத்தாப்புல குடுத்தாங்க. இன்னிக்கு நாலு மாடி ஏறித் தபால் குடுத்துட்டு வரேன்!"

முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனாலும் வியாபாரி ஆச்சே.

"சரிம்மா. மிச்ச ஜோடி? இடது ஏழு, வலது ஆறு. அதை யாரு வாங்குவா?"

"அதையும் கேட்டுட்டுத்தான் சார் வாங்கினேன். எனக்கு நேர் எதிரா, இடது கால் வீங்கின ஒருத்தங்க இருக்காங்களாம். அவங்களுக்குப் போயிடுமாம். என்ன பொருத்தம் பாருங்க!"

"எனக்குத் தெரியாம அது யாரு?" முதலாளி விற்பனைப் பெண் பக்கம் திரும்பினார்.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். சரக்.

முதலாளி குனிந்து பார்த்தார். அதே கறுப்பு ஷூ. இடது ஏழு, வலது ஆறு. இடது குதிகாலில் மடித்துச் சொருகிய காகிதம் எட்டிப் பார்த்தது. ஊரார் காலையெல்லாம் அளந்த கண், தன் கடைக்குள்ளேயே நடந்த இந்தக் காலை மட்டும் பார்க்கவில்லை.

"உனக்கும் கால் வீக்கமா?"

"இல்ல சார்."

"அப்ப உன் சைஸ்?"

"ரெண்டு காலும் ஆறுதான். மிச்சத்தை யாராவது வாங்கணும்ல சார்..."

முதலாளி, அளவெடுக்கிறவர்கள் உட்காரும் குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன்னிடம் வேலை பார்ப்பவர் காலடியில் உட்கார்ந்தார்.

"அந்த இடது ஷூவைக் கழட்டும்மா, ஆறாம் நம்பர் போட்டுவிடறேன். நாளைக்கு நீ வேலைக்கு வரணும்ல?"