புள்ளி எண்ணுகிறவள்

கத்திரிச் செடிப் பக்கம் அப்பா குனிந்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவர் கையில் தீப்பெட்டி வேறு.

சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. மனைவி பார்க்கிற வண்டைப் பிடித்துக்கொண்டு போகிறார்.

வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பாடு, பேச்சு எல்லாம் பேருக்கு. "எப்படியாவது வெளியே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

யார் கூப்பிட்டும் அசையாதவள், ஒரு நாள் காலையில் தானாக எழுந்து தோட்டத்துக்குப் போனாள். பொறிவண்டு பார்க்கிறாளாம். கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் படித்தவள். சிவப்பு முதுகில் எத்தனை கறுப்புப் புள்ளி என்று குனிந்து குனிந்து எண்ணுவாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் முகத்தில் உயிர் இருக்கும்.

இப்போது அதற்கும் ஆபத்து. எதுவோ அரித்துக் கத்திரி இலையெல்லாம் சல்லடை. செடி போனால் வண்டு போகும், வண்டு போனால் இவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். மருந்து அடித்தால் வண்டும் சேர்ந்து சாகும். யோசித்து யோசித்து அவன் தூக்கம் போனதுதான் மிச்சம்.

இதில் அப்பா வேறு. லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். "பூச்சியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா ஆச்சா?" என்று முதல் நாளே முணுமுணுத்தவர்.

விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போனான்.

"என்னப்பா பண்றீங்க?"

தீப்பெட்டி முதுகுக்குப் பின்னால் போனது. "சும்மா... காலாற நடந்தேன்டா."

"பெட்டியைக் காட்டுங்க."

"அதுல என்னடா இருக்கு?"

"அவளுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் பொறுக்கிட்டுப் போய் எறியறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அப்பா நீட்டினார். பெட்டி காலி. பக்கத்து இலையில் ஒரு வண்டு அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தது.

"பிடிக்கலடா. விட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு ஒரு நாள் தேடித் தேடிப் பாத்துட்டு, 'ஒண்ணுமே இல்ல மாமா'ன்னு உள்ள போயிடுச்சுடா அந்தப் பொண்ணு. எனக்குச் சோறு இறங்கல. வாய்க்கால் ஓரத்துக் கத்திரித் தோட்டத்துல இது நிறையக் கிடக்கு. அதான் தினம் பிடிச்சாந்து விடறேன். அவகிட்ட சொல்லித் தொலைக்காத. தானா வந்துச்சுன்னே நினைச்சுக்கட்டும்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான் மகன். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா அவசரமாக நழுவினார்.

அவள் வந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். "அட, இன்னிக்கும் வந்திருக்கே" என்றாள், உரக்க.

அவனால் அடக்க முடியவில்லை. "இந்த வண்டெல்லாம் தானா வரலை..."

"மாமா கொண்டாந்து விடறார். தெரியும்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"எப்படி?"

"இதுவும் பொறிவண்டு சாதிதான். ஆனா நல்ல பொறிவண்டு செடியில ஒட்டியிருக்கற அசுவினிப் பூச்சியைத்தான் தின்னும், இலையைத் தொடாது. முதுகு பளபளன்னு இருக்கும். இது மங்கல். புள்ளியும் இருபத்தெட்டு. மாமா தீப்பெட்டியோட வர ஆரம்பிச்சப்புறம்தான் இது நம்ம தோட்டத்துல. நம்ம செடியைச் சல்லடையாக்கறதே இதுதாங்க. பாவம், மாமாவுக்கு வித்தியாசம் தெரியல."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே? செடி பூரா போயிடுமே. இதைத் தினம் வந்து என்னத்தைப் பார்க்கறே?"

அவள் இன்னொரு இலையைத் திருப்பினாள்.

"முட்டி வலியோட வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வந்து, நான் வர்றேனான்னு கதவு மறைவுல நின்னு பாக்கறாருங்க. எழுந்திரிக்கவே தெம்பில்லாத அன்னிக்கும், நான் எப்படிங்க வராம இருக்கறது?"