மூன்று முனைச் சுருட்டு

மூன்று முனையையும் ஒன்றாகக் கொளுத்தியதுதான் பிழை.

கொளுத்தியவர் சாமித்தம்பி. வயது அறுபத்திரண்டு. மட்டக்களப்பு வாவியில் சுற்றுலாக்காரரை ஏற்றித் தோணி விடுகிறவர். பீடிக்கு மேல் ஒன்றும் அறியாத வாய்.

காலையில் அவருடைய தோணியில் வந்த வெள்ளைக்காரன், துறையில் இறங்கும்போது ஒரு சாமானை நீட்டினான். சுருட்டு. ஆனால் நேரான சுருட்டு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் சடைபோல முறுக்கிப் பின்னி, மஞ்சள் பட்டு நாடா கட்டியிருந்தது. விலை கூடினது என்று பார்த்தாலே தெரிந்தது.

வெள்ளைக்காரன் கையை அங்கும் இங்கும் நீட்டி இங்கிலீசில் என்னவோ சொன்னான். மூன்று விரலைக் காட்டினான்.

"யெஸ், யெஸ்," என்றார் சாமித்தம்பி. அவருக்குத் தெரிந்த இங்கிலீசில் பாதி அது. மற்றப் பாதி 'நோ'. பரிசு வாங்கும்போது அது தேவைப்படாது.

பக்கத்துத் தோணியில் சுதாகரன் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். பாசிக்குடா ஹோட்டலில் மூன்று வருசம் வேலை செய்தவன். தலை நிமிரவில்லை. அவன் இதைக் காணவில்லை என்று சாமித்தம்பி நினைத்தார். சுருட்டை இடுப்பில் கட்டிய சாரன் மடிக்குள் சொருகினார்.

சொருகியிருக்கக் கூடாது. அந்தத் துறையில் தோணிக்காரர் மூன்று பேர். சாமித்தம்பி, சுதாகரன், ஏறாவூர் ஹலீம். ஆருடைய தோணிக்கு எது கிடைத்தாலும் மூன்று பங்கு. சட்டம் போட்டதே சாமித்தம்பிதான்.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரி கொடுத்த தொப்பியைச் சுதாகரன் ஒளித்து வைத்துவிட்டான். துறையில் நின்ற சனமெல்லாம் கேட்க ஏசினார் சாமித்தம்பி.

"கூட்டாளிமார வெச்சிக்கொண்டு ஒளிச்சுத் திண்டா செமிக்காது, மனே."

"ஒரு தொப்பிய எப்பிடியண்ணன் மூண்டாக்கிற?"

"ஆளுக்கு ஒரு நாள் போடுற. இதுக்கும் மூளை வேணுமா?"

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டு தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து தொப்பி முறை வைத்துத் தலை மாறியது. இன்று சாமித்தம்பியின் முறை.

அந்தத் தொப்பியோடுதான் அவர் கரையோரம் ஆள் காணாத கண்டல் பற்றைக்குள் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சட்டம் போட்டவருக்கு ஓட்டை போடவும் தெரியும். மீனைப் பங்கு போடலாம். தொப்பிக்கு முறை வைக்கலாம். சுருட்டை வெட்டினால் சுருட்டா? வாய்க்கு வாய் மாற்றிக் குடிக்கலாமென்றால், கொரோனாக் காலத்தில் டொக்டர்மார் சொன்னது என்ன? கூட்டாளிமாரின் சுகத்துக்காகத்தான் தனியக் குடிக்கிறார்.

சுருட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று முனை. அப்போதுதான் மூன்று விரலுக்கு அர்த்தம் விளங்கியது. மூன்றையும் கொளுத்தச் சொல்லியிருக்கிறான்.

நெருப்புக்குச்சி மூன்று போயிற்று. கன்னம் ஒட்ட இழுத்தார்.

முதல் இழுவையில் காது அடைத்தது. இரண்டாவதில் கண் சுழன்றது. கல்லடிப் பாலம் பழையது ஒன்று, புதியது ஒன்று என்று ஊருக்கே தெரியும். அவருக்கு நாலு தெரிந்தது. மூன்றாவதில் காலையில் தின்ற பிட்டு வாவி மீனுக்குப் போயிற்று.

தோணி தள்ளும் கோல் கை நழுவியது. தோணி காற்றோடு நடு வாவிக்கு நடந்தது.

செத்தாலும் பரவாயில்லை. இந்தக் கோலத்தில் ஆரும் காணக்கூடாது. கண்டால், இனி அந்தத் துறையில் அவர் வாய் திறக்க ஏலாது.

ஹலீமின் தோணி நேரே அவரிடம்தான் வந்தது.

"என்னண்ணன், தோணி தன்ட பாட்டில போகுது?"

"சும்மா. காத்து வாங்கினன்."

"காத்துப் புகையிதே."

சாமித்தம்பி சுருட்டின் மேல் உட்காரப் பார்த்தார். சாரன் சுட்டது. துள்ளி எழும்பினார்.

"எங்கட பங்கையும் எரிச்சிராதீங்கண்ணன்," என்றான் ஹலீம்.

சாமித்தம்பிக்கு மயக்கம் தெளிந்தே போயிற்று.

"என்ன பங்கு?"

"இது ஒண்டில்லையாம். மூண்டு சுருட்ட முறுக்கி ஒண்டாக் கட்டிரிக்காம். பிரிச்சி மூண்டு பேர் குடிக்கிறயாம். நம்மட மூண்டு தோணியையும் காட்டி, ஆளுக்கு ஒண்டு எண்டுதான் வெள்ளைக்காரன் உங்கட கையில தந்திரிக்கான்."

ஹலீம் எட்டி நாடாவை இழுத்தான். சடை அவிழ்ந்தது. கோணல் கோணலாக மூன்று சுருட்டு. நுனி மட்டும் கருகியிருந்தது.

"பிரிக்காம ஒண்டாவா பத்தினீங்க?"

சாமித்தம்பி வாவியைப் பார்த்தார்.

"சரி, போகட்டும். மூத்தவரெண்டா இப்பிடித்தான் இரிக்கணும்," என்றான் ஹலீம். நக்கல் இல்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னான். "விசச் சாமானோ என்னவோ எண்டு நீங்க முதல்ல குடிச்சிப் பாத்திட்டுத்தான் எங்களுக்குத் தருவீங்களாம். அதுக்குத்தான் தனியப் போனீங்களாம். தலை சுத்தும், ஓடிப் போய்ப் பாரு எண்டு என்னை அனுப்பினதும் அவன்தான்."

"ஆரு?"

ஹலீம் துறைப் பக்கம் கையைக் காட்டினான்.

சாமித்தம்பி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

அங்கே, கொளுத்தும் வெயிலில் வெறுந்தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான் சுதாகரன்.