அசையாத கொலு

குங்குமச் சிமிழோடு வாசலில் நிற்கிறவளைப் பார்த்துவிட்டு யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா? பிருந்தா திருப்பிக்கொண்டாள்.

விஜிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துபாய் கராமாவில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்ததிலிருந்து வருஷா வருஷம் கொலு வைக்கிறாள். ஃப்ளாட் ஃப்ளாட்டாக ஏறி இறங்கி அழைக்கிறாள். ஒருத்தரும் இப்படிச் செய்ததில்லை.

பிருந்தா வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. விஜி எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஹாலில் பிருந்தாவும் அவள் புருஷன் பத்மநாபனும் மரம் மாதிரி நின்றிருந்தார்கள். பிருந்தா மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். உடனே அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மனுஷன் அதுகூட இல்லை.

லிஃப்டில் மூன்றாவது மாடி வசந்தகுமாரி மாட்டினாள். விஜி கொட்டித் தீர்த்துவிட்டாள். புருஷனுக்குப் பிரமோஷன் வந்ததும் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, வெயில் கொளுத்துகிற ஊரில் பிள்ளைக்குப் பனியில் சறுக்க ஸ்னோபோர்டு பூட்ஸ் வாங்குகிறவர்களுக்கு நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா என்றாள். வசந்தகுமாரி உச்சுக் கொட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பிருந்தாவே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க விஜிக்கா. ரோஹித்தோட பூட்ஸுக்குள்ள இருக்கற மெத்தையைச் சூடு பண்ணி, அவன் காலுக்கு அச்சு எடுத்துக்கிட்டிருந்தோம். கதவுக்குப் பின்னாடி நின்னான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

ரோஹித்தை விஜிக்குத் தெரியும். பெரிய பையனாகிவிட்டான், ஆனால் பேச்சு அதிகம் கிடையாது. யார் கண்ணையும் பார்க்க மாட்டான். கதவைச் சாத்தினால் பயம். எந்த ஷூவை மாட்டினாலும் 'கடிக்குது' என்று அலறிக் கழற்றி எறிவான். ஸ்கூலுக்கே ரப்பர் செருப்புதான்.

மிச்சத்தைப் பிருந்தா சொன்னாள். மாலில் செயற்கைப் பனி கொட்டிவைத்திருக்கிற பனிக்கூடத்துக் கண்ணாடி முன்னால் மட்டும் அவன் எவ்வளவு நேரமானாலும் அமைதியாக நிற்பானாம். பலகையில் சறுக்கிப் போகிறவர்களைக் காட்டி 'நான்' என்பானாம். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதே அங்கேதானாம். ஆனால் பூட்ஸ் போடாமல் உள்ளே விட மாட்டார்கள். கடையில் மெஷின் வைத்து மெத்தையைச் சூடாக்கித் தருவார்கள். அந்த இரைச்சலுக்கு ரோஹித் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான்.

அதனால்தான் வீட்டிலேயே செய்தார்கள். பழைய காட்டன் சாக்ஸில் புழுங்கலரிசியை நிரப்பி, மைக்ரோவேவில் சூடாக்கி, மெத்தைக்குள் திணிக்க வேண்டும். அது இளகினதும் அரிசியை எடுத்துவிட்டு, காலை விட்டு பூட்ஸை இறுக்கி, ஆறுகிறவரை அசையாமல் நிற்க வேண்டும்.

"எதிர்ல நிக்கறவங்க அசைஞ்சா அவனும் அசைஞ்சிடுவான். அதான் நாங்களும் சேர்ந்து நின்னோம். நேத்து நான்தான் திரும்பிட்டேன். அவனும் அசைஞ்சு அச்சு கெட்டுப்போச்சு."

விஜிக்கு இப்போதுதான் புரிந்தது. "நான் கூப்பிட்டதாலயா?"

பிருந்தா பேச்சை மாற்றினாள். அந்த மெத்தை இன்னும் ஒரு தடவைதான் சூடு தாங்குமாம், அதற்கு மேல் பாழாம். சாயங்காலம் முடித்துவிட்டுக் கொலுவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் விஜி, கொலுவைப் பார்த்துக்கொள்ளும்படி மகளிடம் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு பிருந்தா வீட்டு வாசலுக்குக் காவல் நிற்கப் போனாள். இன்று ஒருத்தரையும் வாயைத் திறக்க விடக் கூடாது என்றிருந்தாள்.

ரோஹித் அவளைப் பார்த்தான். தனக்கு எதிரே தரையைக் காட்டினான்.

"ஆன்ட்டி. இங்க."

விஜி போய் நின்றாள். வாசல் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பத்மநாபன் பூட்ஸை இறுக்கிவிட்டு எழுந்து பிருந்தாவோடு தானும் நின்றார். வீடு முழுக்கச் சுட்ட அரிசி வாசனை. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

பாதி நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் வளையல் சத்தம். வசந்தகுமாரி.

"விஜி! கொலுவுக்குக் கூப்பிட்டுட்டு இங்க என்ன பண்றே?"

ரோஹித்தின் உதடு நடுங்கியது. அவன் விஜியின் கண்ணை நேராகப் பார்த்தான். யாரையும் பார்க்காத பிள்ளை, இவள் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"விஜி, உன்னைத்தான்!"

விஜி இமைக்கக்கூட இல்லை. வளையல் சத்தம் வேகமாகப் போய் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. ரோஹித் அசையவில்லை.

ஆறினதும் பத்மநாபன் மெத்தையைக் கழற்றி உள்ளே காட்டினார். கணுக்கால் எலும்புக்கு ஒரு குழி, குதிகாலுக்கு ஒரு பள்ளம், அப்படியே அந்தப் பிள்ளையின் கால். ரோஹித் அதை வாங்கித் தானே மாட்டிக்கொண்டான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

"கடிக்கல" என்றான்.

பிருந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் இப்படியொரு கொலுவை விஜி பார்த்ததில்லை.

மறுநாள் லிஃப்டுக்குள் வசந்தகுமாரி யாரிடமோ கொட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுவிட்டு, போனவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விஜிக்கு எவ்வளவு தலைக்கனம் பாரு என்பது வெளியிலேயே கேட்டது. கதவு திறந்ததும் பேச்சு நின்றது.

விஜி உள்ளே ஏறிக்கொண்டு சொன்னாள்:

"பிருந்தாவைப் பத்தி நான் சொன்னதெல்லாம் தப்பு வசந்தி. தலைக்கனம் எனக்குத்தான், நேத்து சாயங்காலத்துலேர்ந்து."