வீட்டுக்காரருக்காக

குடியை விட்டவர்கள் ஞாயிறு மாலை கூடும் சர்ச் அறையைக் கண்டுபிடித்த பிறகும், சுகிர்தா அந்தத் தெருவை மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

"வீட்டுக்காரருக்காக வந்தீங்களாம்மா?" என்றார் வாசலில் நின்ற இருதயராஜ்.

"ஆமாங்க."

"எவ்வளவு நாளா குடிக்கிறாரு?"

"எட்டு வருஷமா."

"எந்நேரம்?"

"காலையில. அவரு வேலைக்குக் கிளம்பினதும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போகப் பார்த்தாள். இருதயராஜ் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் நுனியில் உட்கார்ந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொருவராக எழுந்து தன் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிகாரன்" என்றார்கள். தன் முறை வந்ததும் அவளும் எழுந்தாள்.

"என் பேரு சுகிர்தா."

அடுத்து வர வேண்டிய வார்த்தை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை அவளுக்காகச் சொல்லவில்லை.